அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்

அன்பும் பொறுமையும் மிக்க மாப்பிள்ளை அவர்களுக்கு (வழக்கின்படி முதல் எதிர்மனுதாரர் அவர்களுக்கு),

உங்கள் மாமனார் (வழக்கின்படி மனுதாரர்) ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம், என் வலது கை நீங்கலாக. அங்கு நீங்களும் என் மகளும் பேத்தியும், ஐந்து மாதமாக உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். காரின் பின்கதவை இன்னும் சரி செய்யவில்லை என்று கேள்விப்பட்டேன். செய்ய வேண்டாம். அது நம் பக்கத்துச் சாட்சி என்று வக்கீல் சொல்கிறார்.

மாமனார் வீட்டுக் கடிதம்கூட நோட்டீஸ் மாதிரி டைப் அடித்து வருகிறதே என்று மனம் நோக வேண்டாம். கையால் எழுத வேண்டும் என்றுதான் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். இடது கையால் நான் எழுதியதை உங்கள் மாமியார் வாங்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் சீட்டு என்று நினைத்து மாத்திரை டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள். ஆகவே என் டைப்பிங் கடைக்கு வந்து, கோர்ட் வாசலைப் பார்த்த என் பழைய நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக்கொண்டிருக்கிறேன். வலது கையில் மிச்சமிருக்கும் இரண்டு விரலும் மடங்குவதில்லை. ஷிஃப்ட் சாவியின் மேல் கனத்துக்கு வைக்க மட்டும் அந்தக் கை உதவுகிறது. முப்பத்தொரு வருடம் கண்ணை மூடிக்கொண்டு ஓடிய கை இப்போது பேப்பர் பறக்காமல் இருக்க வைக்கிற கல்லின் வேலையைப் பார்க்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததையே உங்களுக்குச் சொல்கிறேன் என்று கோபிக்கக் கூடாது. ‘வழக்கின் சுருக்கமான விவரம்’ இல்லாமல் எனக்கு எந்தக் காகிதமும் தொடங்காது. அன்று காலை ஒரு மனுவைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். கட்சிக்காரர் கடை வாசலில் காத்திருந்தார், பஸ் வரவில்லை. நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வேனை நிறுத்திவிட்டு வந்தவர், “ஏறுங்க மாமா, நான் கொண்டுபோய் விடறேன்” என்று உங்கள் சொந்தக் காரை எடுத்தீர்கள். நான் பின் இருக்கையில் உங்களுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். நீங்கள் உங்கள் வழக்கமான வேகத்தில் ஓட்டினீர்கள். அது என்ன வேகம் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உங்களுக்கு வைத்திருக்கும் பெயரே சொல்லும். பதினோரு வருடமாக நீங்கள் ‘இருபது மாமா’. முள் இருபதைத் தாண்டினால் உங்களுக்கு வியர்க்கும். அன்று ஒரு நாய் நம்மை முந்திப் போய், நின்று, திரும்பிப் பார்த்துவிட்டு, பிறகு அலுத்துப்போய் வேறு தெருவுக்குள் திரும்பியது. பாலத்தின் மேல் ஏறும்போது நமக்குப் பின்னால் ஒரு தண்ணீர் லாரி, அதன் பின்னால் ஊர்ப்பட்ட வண்டிகள், எல்லாரும் ஹாரன் மேல் கையை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனார்கள். பிறகு லாரி நம்மை ஒட்டிக்கொண்டு போனது. ஜன்னல் ஓரமாக என் கை இருந்தது. பிறகு இல்லை. லாரி நிற்கவில்லை, நம்பரை யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் நான் செய்த காரியத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து மயக்கம் பாதி தெளிந்தும் தெளியாமலும் கிடக்கும்போது போலீஸ்காரர் நோட்டோடு வந்து, “பெரியவரே, என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க” என்றார். மற்றவர்களாக இருந்தால் அழுதிருப்பார்கள், இல்லை தண்ணீர் கேட்டிருப்பார்கள். நான் விபத்து மனு அடித்தே வயதானவன். வாய் தானாகத் திறந்து, “மேற்படி வாகனத்தை அதன் ஓட்டுநர் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்ததில் பலத்த காயமடைந்து, சம்பவ இடத்திலேயே இறந்துவிட்டார்” என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டது. போலீஸ்காரர் எழுதுவதை நிறுத்தி, “யாரு இறந்தது?” என்று கேட்டார். “மனுதாரரின் கணவர். அன்னார் குடும்பத்தின் ஒரே ஆதாரம்” என்றேன். அவர் உங்கள் மாமியாரைப் பார்த்தார். அவள், “கைதாங்க போச்சு, ஆளு இருக்காரு” என்றாள். அவர் சாவை மட்டும் அடித்துவிட்டு மீதியை அப்படியே வைத்துக்கொண்டு, “இத்தனை வருஷ சர்வீஸ்ல இவ்வளவு சுத்தமா யாருமே வாக்குமூலம் கொடுத்ததில்லைங்க” என்று பாராட்டி, என் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து ஒற்றிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து முழு நினைவு வந்து, ஓட்டுநர் என்று நான் சொன்னது உங்களைத்தான் என்று புரிந்தபோது, வெட்டி எடுத்த மூன்று விரல்களும் சேர்ந்து வலித்தன.

அதோடு முடிந்திருக்கும். என் துணைக்கு வந்து சேர்ந்தார் நம் வக்கீல். அவருக்கு ‘வாய்தா’ என்று கோர்ட்டே பெயர் வைத்திருக்கிறது. வாய்தா வாங்காத நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காது. லாரியைப் பிடிக்க முடியாது, உங்கள் காரின் இன்சூரன்ஸ் மேல்தான் வழக்குப் போட முடியும், அதற்கு ஓட்டியவர் தப்பு என்று சொன்னால்தான் ஆகும் என்றார். “குடுக்கப்போறது கம்பெனி. உங்க மாப்பிள்ளை பேரு சும்மா ஒரு பேச்சுக்கு” என்றார். நீங்களும் என் கட்டில் பக்கத்தில் குனிந்து, “என் பேரைப் போட்டுக்குங்க மாமா. என்ன கேட்டாலும் ஆமான்னு சொல்றேன்” என்றீர்கள். ஸ்டேஷனிலும் என் கை உள்ளேதான் இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தீர்கள். அதைப் பற்றி மேற்கொண்டு எதுவும் எழுதக் கூடாது என்று வக்கீல் உத்தரவு. மனுவில் நீங்கள் லாரியை முந்தியதாக அடித்திருக்கிறோம். நீங்கள், லாரியை! அடிக்கும்போது எனக்கே கூச்சமாக இருந்தது. நான் ஆயுசில் யாரிடமும் கை நீட்டாதவன், மாப்பிள்ளை. பெற்ற மகளிடம்கூட ஒரு மாத்திரைக்குக் கேட்டதில்லை. கம்பெனியிடம் கேட்பது கை நீட்டுவது ஆகாது, அது உரிமை என்று வக்கீல் சொன்ன பிறகுதான் சம்மதித்தேன்.

அப்புறம் வந்தது அந்தத் தெருச் சண்டை. மாமனாரும் மாப்பிள்ளையும் பேசி வைத்துக்கொண்டு வழக்குப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கக் கம்பெனி ஆள் ஒருவர் எங்கள் தெருவில் வீடு வீடாக விசாரிக்கிறார் என்று வக்கீல் ஓடி வந்து சொன்னார். “நாலு பேர் பார்க்க ஒரு சண்டை போட்டுடுங்க. எவ்வளவு அசிங்கமா இருக்கோ அவ்வளவு நல்லது” என்றார். உங்களுக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன், சொன்னால் நடிப்பு வராது என்றார். அன்று சாயங்காலம் நீங்கள் என் கட்டு மாற்றுகிற பஞ்சும் மருந்தும் வாங்கிக்கொண்டு கேட்டைத் திறந்தீர்கள். எதிர் வீட்டு நிழலில் கம்பெனி ஆள் நின்றுகொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்து கத்தினேன். என்ன கத்துவது என்று யோசித்து வைத்திருக்கவில்லை, மறுபடியும் அந்த ஒரே பாடம்தான் வந்தது. “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி என் கையை எடுத்துட்டு இப்ப பஞ்சு கொண்டுவந்து நீட்டறீரா எதிர்மனுதாரரே, வெளிய போம்!” என்றேன். நீங்கள் பஞ்சைக் கேட்டின் மேல் வைத்தீர்கள், அது விழுந்துவிடும் என்று மறுபடி எடுத்துத் தரையில் ஒரு செங்கலை ஒட்டி வைத்தீர்கள், செருப்பைப் போட்டுக்கொண்டு போனீர்கள். கம்பெனி ஆள் நோட்டில் எழுதிக்கொண்டார். வக்கீல் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். உங்களுக்குப் பின்னாலேயே பேத்தியைக் கூட்டிக்கொண்டு என் மகள் வந்துகொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

மூன்று மாதமாக அவள் வரவில்லை. நடிப்பு என்று சொல்லி அனுப்பினேன். “நடிப்புக்குக்கூட அப்பாவுக்கு அவரைப் பார்த்து அந்த வார்த்தை வருதா?” என்று திருப்பி அனுப்பினாள். மூன்றாவது வீட்டில் இருக்கும் ஒரு பிள்ளையின் அம்மா மாடியில் துணி உலர்த்திக்கொண்டே முழுச் சண்டையையும் கேட்டிருக்கிறாள், அவள் பிள்ளை உங்கள் வேனில் வருவது. மறுநாள் காலை அவள் பள்ளிக்கூடத்து ஆபீஸில் நின்றாள். அதிவேகம் என்ற ஒரு சொல் எத்தனை அம்மாக்களின் காதுக்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேர்ந்தது என்பதைப் பார்த்தால், நம் குடும்பத்திலேயே இருபதைத் தாண்டியது அது ஒன்றுதான். வழக்கு முடிகிறவரை உங்களை வேன் ஓட்ட வேண்டாம், கழுவினால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். பதினோரு வருடம் ஒரு பிள்ளைக்கும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் இப்போது பக்கெட்டும் துணியுமாக நிற்கிறீர்கள், வேறொருவன் வந்து சாவியைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போகிறான். சொல்லக் கேட்டு உங்கள் மாமியார் அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை.

இப்போது கடிதத்தின் காரியத்துக்கு வருகிறேன். வருகிற செவ்வாய்க்கிழமை உங்கள் சாட்சி. கூண்டில் ஏறி “ஆமாம்” என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதற்கு நீங்கள் வக்கீலிடம் சொல்லி அனுப்பிய பதில் கிடைத்தது. “அஜாக்கிரதைன்னு எவ்வளவு வேணும்னாலும் போட்டுக்கச் சொல்லுங்க, ஒத்துக்கறேன். அதிவேகம்னு மட்டும் என் வாயால சொல்ல மாட்டேன். அந்த ஒண்ணை நம்பித்தான் பிள்ளைங்களை என்கிட்ட விடறாங்க. நான் ஒத்துக்கிட்டா இனிமே எந்த வேனோட சாவியும் என் கைக்கு வராது.” நியாயம்தான். நான் மறுக்கவில்லை. நான் வக்கீலிடம், “அதை எடுத்துட்டு இதை மட்டும் வைக்கலாமே” என்று கேட்டும் பார்த்தேன். “அது ரெண்டும் ரெட்டைப் பிள்ளைங்க. ஒண்ணை விட்டுட்டு வந்தா ஜட்ஜ் இன்னொண்ணு எங்கேன்னு கேப்பாரு” என்றார். சரி, நாமே திருத்தி அடித்துப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் தமிழ் என்னைக் கைவிட்டது. அதிவேகமாகவும் என்பதை எடுத்துவிட்டால், அஜாக்கிரதையாகவும் என்பதன் கடைசியில் ஒரு ‘உம்’ அந்தரத்தில் தொங்குகிறது. ஒற்றை ‘உம்’ இருந்தால் படிக்கிறவர்கள் வேறென்ன, வேறென்ன என்று தேடுவார்கள். அந்த ‘உம்’மையும் வெட்டலாம் என்றால், வெட்டி அடிக்க என் இடது கைக்குத் தெரியவில்லை. நாலு தடவை அடித்தேன், நாலு தடவையும் கை போய் ‘உம்’மில் நின்றது. முப்பத்தொரு வருடத்தில் நான் அந்த இரண்டு சொல்லையும் தனித்தனியாக அடித்ததே இல்லை, மாப்பிள்ளை. எத்தனை ஓட்டுநர்கள், எத்தனை குடும்பங்கள், அவர்களில் எத்தனை பேர் உண்மையில் வேகமாகப் போனார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததும் இல்லை.

என் நிலைமையையும் கொஞ்சம் பாருங்கள். போன வாரம் ஊனச் சான்றிதழுக்காக டாக்டர்கள் குழுவின் முன்னால் போய் நின்றேன். ஒவ்வொரு விரலுக்கும் எத்தனை சதவீதம் என்று சுவரில் ஒரு அட்டவணை தொங்குகிறது. போன விரல்களை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் என்று இடது கை விரல்களை மடக்கி மடக்கிச் சொன்னேன். “எழுத முடியுமா?” முடியாது. “சாப்பாடு?” வீட்டில் ஊட்டுகிறாள். “சட்டை பட்டன்?” அதுவும் அவள்தான். பெரிய டாக்டர் பேனாவை மூடிக்கொண்டே, “எல்லாத்துக்கும்தான் ஆள் இருக்காங்களே. அப்புறம் என்ன கஷ்டம்?” என்றார். உங்கள் மாமியார், “அப்ப அந்தச் சதவீதத்தை என் பேருல போட்டுக் குடுங்க” என்றாள். அவள் சொன்னது நியாயம் என்றாலும், சட்டத்தில் அதற்கு இடமில்லையாம். கடையில் இப்போது வேலை வருவதில்லை. பழக்கத்துக்காக இரண்டு கட்சிக்காரர்கள் வந்தார்கள். நான் ஒரு பக்கம் அடித்து முடிப்பதற்குள் அவர்களில் ஒருவர் எதிராளியோடு சமாதானமாகப் போய்விட்டார். இந்த நஷ்டஈடு வராவிட்டால் கடையை மூட வேண்டியதுதான். மூடிவிட்டு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. பயமாக இருக்கிறது, மாப்பிள்ளை. நேரில் இதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆகவே கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்த ஒரு சொல்லையும் சேர்த்து விழுங்கிவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் நானே வந்து பேசுகிறேன். இல்லாவிட்டால் வேறு ஏதாவது வேலை பார்த்துக்கொள்ளலாம், உங்களுக்கு இரண்டு கையும் இருக்கிறது. இந்தக் கடைசி வரியை அடித்த பிறகு எனக்கே நன்றாகப் படவில்லை. ஆனாலும் அழிக்க நாலு சாவி அழுத்த வேண்டும், விட்டுவிடுகிறேன்.

மகளிடம் அவளுடைய அப்பா கேட்டதாகச் சொல்லவும். பேத்திக்கு என் முத்தங்கள். அவள் பெரியவளாகி நீண்ட ஆயுளோடும் பத்து விரலோடும் வாழ வேண்டும். உங்களுக்கு என் ஆசிகள் வழக்கம்போல் எப்போதும் உண்டு, வழக்கின் முடிவுக்குக் கட்டுப்படாமல்.

இங்ஙனம்,
உங்கள் மாமனார்,
மனுதாரர்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போடுவதற்குள் உங்கள் மாமியார் மத்தியானச் சாப்பாட்டோடு கடைக்கு வந்துவிட்டாள். அவள் ஊட்ட ஊட்ட நான் வாசித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “கை இருந்துச்சு, கை இருந்துச்சுன்னே எழுதியிருக்கீங்களே. அது என்ன பூனையா, தானா வந்து ஜன்னல் ஓரத்துல உக்கார?”

முப்பத்தொரு வருடம் மனு அடித்தவனுக்கு ஒன்று தெரியும், மாப்பிள்ளை. மனுவில் யாரும் எதையும் செய்வதில்லை. கை இருக்கும், லாரி வரும், காயம் ஏற்படும். நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு விழுங்காமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவளிடம் சொன்னேன், உங்களையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாததை. கட்சிக்காரர் காத்திருக்கிறார், நேரம் போகிறது, பாலமே ஹாரன் அடிக்கிறது, எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிப்பது போல எனக்கு அவமானமாக இருந்தது. கண்ணாடியை இறக்கி, தோள்வரை வெளியே நீட்டி, “போ, போ, நீயாவது போ” என்று லாரியை முந்தச் சொல்லி நான்தான் கையை வீசினேன். லாரிக்காரனும் என் பேச்சைக் கேட்டான். “மாமா, கையை உள்ள வைங்க” என்று நீங்கள் மூன்று தடவை சொன்னீர்கள். மூன்றாவது தடவை நான், “நீங்க ரோட்டைப் பாருங்க, பெரிய அதிவேகம்” என்றேன். அது கை இருந்தபோது நான் கடைசியாகப் பேசியது. இத்தனை மாதமாக நீங்கள் அதை உங்கள் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவள் அந்த ஒரு கேள்வியோடு விட்டிருக்க மாட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் கோர்ட்டுக்கு ஒரு வாக்குமூலம் அடித்தேன். வழக்கை வாபஸ் வாங்குகிறேன். அதில், ‘மனுதாரராகிய நான், எதிர்மனுதாரர் பலமுறை எச்சரித்தும் கேளாமல், என் வலது கையை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வெளியே நீட்டியதால்’ என்று வருகிறது. இரண்டு ‘உம்’மும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன, ஒரு எழுத்துப் பிழை இல்லை. ஸ்டேஷனில் கை உள்ளே என்று நீங்கள் சொன்னது, உள்ளே வைக்கச் சொன்னேன் என்ற பொருளில்தான் என்றும், எழுதியவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்றும் சேர்த்திருக்கிறேன். அது ஒன்றுதான் பொய். வக்கீலுக்கு இன்னும் சொல்லவில்லை, வாய்தா வாங்கிவிடுவார். நாலு காப்பி எடுத்தேன். ஒன்று கோர்ட்டுக்கு, ஒன்று பள்ளிக்கூடத்து ஆபீஸுக்கு, ஒன்று அந்த மூன்றாவது வீட்டு அம்மாவுக்கு. நாலாவது இதோடு இருக்கிறது, என் மகளுக்கு. அதன் அடியில் இடது கையால் ஒரு வரி எழுதியிருக்கிறேன். மருந்துச் சீட்டு மாதிரிதான் இருக்கும், நீங்கள் வாசித்துச் சொல்லுங்கள். ‘கையை நீட்டினது அப்பாதான்’ என்று எழுதியிருக்கிறது.

கேஸ் போனால் சோற்றுக்கு என்ன செய்வது என்று உங்கள் மாமியாரிடம் கேட்டேன். யாரிடமும் கை நீட்டாதவன் என்று மேலே பெருமையாக எழுதியிருக்கிறேனே, அதை நினைத்துக்கொண்டுதான் கேட்டேன். அவள் பாத்திரத்தை மூடிக்கொண்டே, “மாப்பிள்ளைகிட்ட நீட்டுங்க. இருக்கற கையை” என்றாள்.

நீட்டியிருக்கிறேன், மாப்பிள்ளை. மெதுவாகவே வாருங்கள்.